கடல்பாசி: தட்டுக்கு எவ்வளவு, தீவனத்துக்கு எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் தீவன ஆய்வுக்கூடம் ஒன்றில் நீண்ட காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது களியக்காவிளைக்குத் தெற்கே வீட்டோடு இருக்கிறேன். நீரோடியிலிருந்து குளச்சல் வரை, மகளிர் குழு, நூலகம், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் கடல்பாசியைப் பற்றி யாராவது கேட்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர், பூவாரிலிருந்து அழைப்பவர்கள் மலையாளம் கலந்து கேட்பார்கள். கேள்வி என்னவோ ஒன்றுதான். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

நோன்புக்குக் காய்ச்சுகிறோமே, அந்தக் கடல்பாசியா இது?

இது அதற்குத் தாய்ப்பாசி என்று சொல்லலாம். தேங்காப்பட்டணத்திலும் திருவிதாங்கோட்டிலும் நோன்பு மாதத்தில் பாலும் சீனியும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவிட்டுத் துண்டு போடுகிறார்களே, அது அகர். மரிக்கொழுந்துப்பாசி, கஞ்சிப்பாசி போன்ற சிவப்புப் பாசிகளை வேகவைத்து, கொழகொழப்பை மட்டும் வடித்து, உறையவைத்து வெள்ளை நாடாவாக உலர்த்தியது. புரதம், நிறம், மணம் எல்லாம் பெரும்பாலும் அந்த வடிகட்டலிலேயே போய்விடும், மிஞ்சுவதில் பெரும்பகுதி நார்ச்சத்து. பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காத தொண்டைக்கு அது இதம்தான். ஆனால் ‘கடல்பாசியில் இவ்வளவு சத்து’ என்று செய்தித்தாளில் வருவது இந்த வெள்ளை நாடாவைப் பற்றி அல்ல, முழுப் பாசியைப் பற்றி. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் பாதிக் குழப்பம்.

மீதிக் குழப்பம் மாத்திரைக் கடையில் விற்கும் ஸ்பைருலினாவால் வருகிறது. சுருள்பாசி என்கிற அது கடலில் பாறையைப் பிடித்து வளர்வது அல்ல. தொட்டியில் வளர்க்கும் நுண்ணுயிர். அதற்கு ஐம்பது, அறுபது சதவீதம் புரதம் உண்டு என்பது உண்மை. அந்தக் கணக்கை எடுத்து கடல்பாசிப் பாக்கெட்டின் மேல் அச்சடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் கரையில் என்ன பாசி இருக்கிறது?

மணல் கரையில் ஒன்றும் இல்லை. பாசிக்குப் பிடிக்கப் பாறை வேண்டும். முட்டம், கடியபட்டணம், குளச்சல், அப்பால் விழிஞ்ஞம் என்று சிப்பி எங்கே இருக்கிறதோ அங்கே பாசியும் இருக்கும். சிப்பி எடுக்க மூழ்கும் ஆட்களைக் கேளுங்கள். எந்தப் பாறையில் கீரை போன்ற பச்சைப்பாசி, எதில் பழுப்பு நிறக் கட்டக்கோரை, எந்த மாதம் வழுக்கும் என்பதெல்லாம் அவர்கள் காலுக்குத் தெரியும். பெயர் வைக்காவிட்டால் என்ன?

ஒரு பாசிக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்: போர்ஃபைரா கன்னியாகுமரியென்சிஸ். ஜப்பானியர் சோற்றைச் சுற்றி உண்ணும் நோரி இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. இந்த வகைப் பாசிகள் மழைக்காலத்து அலை அடிக்கும் பாறையில், நனைவதும் காய்வதுமாக இருக்கும் இடத்தில், ஊதாவும் பழுப்பும் கலந்த மெல்லிய சவ்வாகத் தோன்றும். சில மாதத்தில் காணாமல் போகும்.

எங்கே போகிறது? பல நூற்றாண்டு நோரி உண்ட ஜப்பானியருக்கே இது புரியவில்லை. விதை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், கடலில் மூங்கிலை நட்டு அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருந்தார்கள். 1949இல் கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி விடை சொன்னார். அந்தப் பாசி தன் வாழ்வின் இன்னொரு பாதியைச் சிப்பி ஓட்டுக்குள் துளைத்துக்கொண்டு, கண்ணுக்கு ஒரு இளஞ்சிவப்புக் கறையாக மட்டும் தெரியும்படி கழிக்கிறது. அதுவரை அந்தக் கறை வேறொரு உயிரினம் என்று நினைத்து வேறு பெயர் வைத்திருந்தார்கள். இதற்குப் பிறகுதான் ஓட்டில் விதை வளர்த்து வலையில் ஏற்றும் தொழில் வந்தது. அவருக்கு ஜப்பானில் நினைவுச்சின்னம் எழுப்பி ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று விழா எடுக்கிறார்கள். நம் வீட்டில் அவித்து உண்டுவிட்டு எறியும் சிப்பி ஓட்டை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

உண்மையில் எவ்வளவு சத்து?

நிறத்தைப் பொறுத்தது. உலர்ந்த எடையில் நோரி இனத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கும். பச்சைப்பாசிக்கு 10 முதல் 25. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிக்குப் பெரும்பாலும் 5 முதல் 15. கொழுப்பு எல்லாவற்றிலும் மிகக் குறைவு. சாம்பல் சத்து, அதாவது தாதுக்கள், பல பாசிகளில் 20 முதல் 40 சதவீதம். மக்னீசியம், பொட்டாசியம், கால்சியம், இரும்பு, அயோடின் எல்லாம் அதில் அடக்கம், உப்பும் அடக்கம்.

இந்த எண்களைப் பார்த்ததும் ‘பருப்புக்குச் சமம்’ என்று ஒருவர் எழுதுவார். சமம்தான், பருப்பைப் போல ஒரு கிண்ணம் உண்டால். உலர்ந்த பாசியை யாரும் ஒரு வேளைக்கு ஐந்து கிராமுக்கு மேல் உண்ண முடியாது. பச்சைப்பாசி ஐந்து கிராமில் ஒரு கிராம் புரதம் தேறினாலே பெரிது. ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. இரண்டு சாளை மீனை வறுத்துக் கொடுத்தால் பிள்ளைக்குக் கிடைக்கும் புரதத்தைப் பாசியால் கொடுக்க முடியாது. கறிவேப்பிலை, முருங்கைப்பொடி வரிசையில் வைத்துப் பேசினால் நான் உடன்படுகிறேன்.

அயோடின் நல்லதுதானே? கூடினால் என்ன?

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். கடையில் வாங்கும் அயோடின் உப்பில் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, நாள் முழுதும் உண்ணும் பத்து கிராம் உப்பிலேயே தேவை தீர்ந்துவிடுகிறது.

இப்போது பாசிக்கு வாருங்கள். சந்தையில் விற்கும் பாசிகளை அளந்து 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நோரியில் ஒரு கிராமுக்கு 16 மைக்ரோகிராம் இருந்தது. கெல்ப் என்னும் குளிர்கடல் பழுப்புப் பாசித் துகளில் ஒரு கிராமுக்கு 8,165. ஐந்நூறு மடங்கு வித்தியாசம்! இரண்டையும் ‘கடல்பாசி’ என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். அந்தத் துகளில் ஒரு கிராம் எடுத்தால் ஐம்பது நாளுக்கான அயோடின் ஒரே வாயில் போகும். தைராய்டுச் சுரப்பி இந்த வெள்ளத்தைப் பார்த்ததும் சிலருக்கு வேலைநிறுத்தம் செய்யும், சிலருக்குத் தறிகெட்டு ஓடும்.

மார்த்தாண்டத்தில் ஒரு சகோதரி தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் கெல்ப் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார். ‘இரண்டும் தைராய்டுக்குத்தானே சார்’ என்றார். அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். தைராய்டு நோயாளிகள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், வைட்டமின் கே இருப்பதால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கும் இதய நோயாளிகளுக்கும் இதே பேச்சுதான்.

விஷம் இருக்கும் என்கிறார்களே?

பாசிக்கு வேர் இல்லை. உடம்பு முழுவதாலும் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரில் காட்மியம், ஈயம், ஆர்செனிக் இருந்தால் அதையும் சேர்த்து. பெரும்பாலான பாசிகளில் ஆர்செனிக் அதிகம் கேடு செய்யாத கரிமச் சேர்மமாக இருக்கிறது. ஆனால் ஜப்பானியர் உண்ணும் ஹிஜிகி என்ற பாசியில் கேடு செய்யும் வகை மிகுதி. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2004இல் அதை உண்ண வேண்டாம் என்றே எச்சரித்தது. ஹிஜிகியும் நம் கட்டக்கோரையும் சர்காசம் என்ற ஒரே பேரினம். ஆகவே சோதித்துப் பார்க்காமல் கட்டக்கோரையைச் சமையலுக்கு எடுக்க நான் சொல்ல மாட்டேன். துறைமுகச் சுவரிலும் கழிவுநீர் விழும் முகத்துவாரத்திலும் வளர்ந்த எந்தப் பாசியும் சமையலுக்கு ஆகாது.

எப்படிச் சமைப்பது? ருசி எப்படி?

ராமநாதபுரக் கடற்கரையில் கஞ்சிப்பாசிக்கு அந்தப் பெயர் வந்ததே அதைக் கஞ்சி காய்ச்சிக் குடித்ததால்தான். நம் பக்கம் அந்த வழக்கம் இல்லை. நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முட்டத்தில், கடல் தெளிந்த ஒரு ஜனவரிக் காலையில், பாறையிலிருந்து பச்சைப்பாசி ஒரு கிலோ அளவுக்குக் கிள்ளி வந்தேன். அடியோடு பிடுங்கக் கூடாது. அடி இருந்தால் மறுபடி தளிர்க்கும். வீட்டில் கழுவத் தொடங்கினால் முதல் தண்ணீரில் மணல், இரண்டாவதில் மணலும் கடுகளவு சிப்பிக் குஞ்சும், மூன்றாவதில் துள்ளும் சின்னப் பூச்சிகள். ஆறாவது தண்ணீர்தான் தெளிந்தது. நிழலில் உலர்த்தி மிக்சியில் பொடித்தபோது 140 கிராம் தேறியது. பச்சைத் தேயிலையும் கருவாடும் சேர்ந்த மாதிரி ஒரு மணம்.

புட்டு மாவில் ஒரு குவளைக்கு ஒரு தேக்கரண்டி போட்டோம். நிறம் அழகு, ருசியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று தேக்கரண்டி போட்ட அன்று, ‘குளத்தைக் குடித்த மாதிரி இருக்கிறது’ என்று வீட்டில் தீர்ப்பு வந்தது. தேங்காய்ச் சம்மந்தியில்தான் பொருத்தமாக இருந்தது. வற்றல் மிளகாய், உள்ளி, புளியோடு அம்மியில் வைத்து அரைத்தால் கருவாட்டுச் சம்மந்தியின் சாயல் வருகிறது. மரச்சீனிக் கிழங்குக்கு நன்றாகச் சேரும். உப்பை முதலிலேயே பாதியாகக் குறைத்துவிடுங்கள். துவரனில் போட்டுக் கெடுக்க வேண்டாம்.

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பிஸ்கட், பானம் போன்றவற்றில் பாசி சேர்த்துப் பார்த்திருக்கிறது. அவர்களும் சிறிய அளவில்தான் சேர்க்கிறார்கள்.

நம் வயிற்றில் செரிக்குமா?

பாதி செரிக்கும். பாசியின் நார்ச்சத்தை உடைக்கும் நொதி மனித உடம்பில் இல்லை. 2010இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு ஒரு வேடிக்கையைக் காட்டியது. ஜப்பானியர் குடலில் வாழும் பாக்டீரியாவில் நோரியின் நாரை உடைக்கும் மரபணு இருந்தது. வட அமெரிக்கர் குடலில் இல்லை. அந்த மரபணு கடலில் பாசி மேல் வாழும் பாக்டீரியாவுக்குச் சொந்தமானது. தலைமுறை தலைமுறையாக உண்ட நோரியில் ஒட்டிக்கொண்டு வந்து, குடலில் குடியிருந்த பாக்டீரியாவுக்குக் கைமாறியிருக்கிறது. ஒரு வாரம் பாசி உண்டுவிட்டு வயிறு உப்புகிறது என்று சொல்பவரை நான் திட்டுவதில்லை.

சர்க்கரை, மூட்டுவலிக்கு மருந்து என்று சொல்கிறார்களே?

கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ‘கடல்மின்’ என்ற பெயரில் பாசியிலிருந்து பிரித்த சாறுகளைக் குப்பியில் அடைத்து வெளியிட்டிருக்கிறது. மூட்டுவலிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று உண்டு. அவை குறிப்பிட்ட சேர்மங்களைச் செறிவாக்கி எடுத்தவை. அதைக் காட்டி, அரைத்த பாசிப் பொடிக்கும் அதே குணம் என்று விற்பது மஞ்சள் கிழங்கைக் காட்டி மாத்திரை விற்பது போல.

சைவமா?

சைவம். மீன் வாடை கடலுடையது.

இறால், மீன் தீவனத்தில் பாசியைச் சேர்க்க ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

சாளைதான் காரணம். வளர்ப்பு இறாலுக்கும் மீனுக்கும் புரதம் மீன்தூளிலிருந்து வருகிறது. மீன்தூள் சிறு மீன்களிலிருந்து வருகிறது. கேரளக் கரையில் 2012இல் நான்கு லட்சம் டன்னை நெருங்கிய சாளை, 2021இல் 3,297 டன்னாக விழுந்தது. அந்த ஆண்டுகளில் மரச்சீனிக்கு மீன் இல்லாமல் சம்மந்தியோடு உண்டது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மனிதருக்கே கிடைக்காத மீனை அரைத்து இறாலுக்குப் போடுவது எத்தனை நாள் ஓடும்? 2009இல் வனாமி என்ற வெளிநாட்டு இறாலை வளர்க்க இந்தியாவில் அனுமதி கிடைத்த பிறகு தீவனத் தேவை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

ஆனால் மீன்தூளின் இடத்தில் பாசியை உட்கார வைக்க முடியாது. வனாமித் தீவனத்துக்கு 35 சதவீதத்தை ஒட்டிப் புரதம் வேண்டும். பாசியில் அவ்வளவு இல்லை, இருப்பதும் நாருக்குள் பூட்டிக் கிடக்கிறது. பெரும்பாலான சோதனைகளில் தீவன எடையில் 5 சதவீதம் வரை பாசித்தூள் சேர்த்தால் வளர்ச்சி குறைவதில்லை, சில சமயம் கூடுகிறது. 10, 15 என்று ஏற்றினால் இறால் மெலிகிறது. மீன் எண்ணெய்க்கும் பாசி மாற்று அல்ல; ஒமேகா 3க்கு நுண்பாசிகளைத்தான் நாட வேண்டும்.

பிறகு என்ன பயன்? முதல் பயன் பசை. இறால் கவ்விக் கொறிக்கும் பிராணி. தீவனக் குச்சி தண்ணீரில் இரண்டு மணி நேரமாவது உதிராமல் இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, ஒன்றில் பசையில்லாத குச்சி, மற்றதில் நூற்றுக்கு மூன்று பங்கு கஞ்சிப்பாசித்தூள் சேர்த்த குச்சி போட்டுப் பாருங்கள். அரை மணியில் முதல் டம்ளரின் அடியில் தவிட்டுக் கூழ். இரண்டாவதில் குச்சி ஊதிப் பருத்திருக்கும். விரலால் எடுத்தால் முழுதாக வரும். முதல் டம்ளரில் உதிர்ந்தது உங்கள் பணம். அதுவே குளத்தின் அடியில் அழுகி அம்மோனியாவாகும்.

வெள்ளைப்புள்ளி நோய்க்குப் பாசி மருந்தாகுமா?

1990களின் நடுவில் இந்த வைரஸ் வந்து இறால் பண்ணைகளைத் துடைத்துப் போட்டது. இன்றும் அதற்கு மருந்து இல்லை. நம் மாவட்டத்திலேயே, இராஜாக்கமங்கலத்தில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையத்தில், கட்டக்கோரை இனமான சர்காசம் வைட்டியையிலிருந்து ஃபுகாய்டன் என்ற பொருளைப் பிரித்துப் புலி இறாலின் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். அளவு 0.1 முதல் 0.3 சதவீதம். பிறகு வைரஸைச் செலுத்தினார்கள். ஃபுகாய்டன் தின்ற இறால்களில் சாவு குறைந்தது. அவற்றின் எதிர்ப்புத்திறன் குறியீடுகளும் உயர்ந்திருந்தன. ஆய்வு 2012இல் வெளியானது.

இதைக் கேட்டுவிட்டு, கரையில் கிடந்த கட்டக்கோரையை வெயிலில் போட்டு அரைத்துக் குளத்தில் தூவியவர் ஒருவர் மணக்குடிப் பக்கம் இருக்கிறார். பாசியில் ஃபுகாய்டன் சில சதவீதம்தான். அந்த 0.3 சதவீதத்தை எட்ட முழுத்தூளாகப் போட்டால் நாம் மேலே பார்த்த எல்லையைத் தாண்டிவிடும்; இறால் நோயில் சாகாமல் பசியில் இளைக்கும். தொட்டியில் தெரிந்த பலன் சேறும் மழையும் கோடையும் உள்ள குளத்தில் அப்படியே தெரியும் என்றும் எதிர்பார்க்க முடியாது. நோயில்லாத குஞ்சு வாங்குவது, நண்டு வராமல் வேலி கட்டுவது, இவற்றுக்குப் பிறகு கூடுதல் காவலாக வேண்டுமானால் ஃபுகாய்டன்.

கரிமீனுக்கு?

கரிமீன் இயல்பிலேயே பாசி மேயும் மீன். காயலில் கட்டையிலும் கல்லிலும் படிந்ததைக் கொறித்து வாழ்கிறது. ஆகவே இறாலைவிட அதற்குப் பாசித்தூளைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கலாம். கடலில் ஓரா மீனும் அப்படித்தான். பாசி வளர்ப்பவர்களுக்கு ஓரா ஒரு தலைவலி என்பது வேறு கதை.

நாமே வளர்க்கலாமா? மண்டபத்தில் வளர்க்கிறார்களே?

அங்கே பாக் விரிகுடா, பெரும்பாலான மாதங்களில் ஏரி போல் கிடக்கும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், 45 நாளில் 260 கிலோ வரை எடுக்கிறார்கள். கடல்விறால் கூண்டைச் சுற்றி மிதவைகளைக் கட்டி, மீனின் கழிவைப் பாசிக்கு உரமாக்கும் முறையையும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அங்கே செய்து காட்டியிருக்கிறது. பாசி கூடுதலாக வளர்கிறது, தண்ணீரும் சுத்தமாகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

நம் கடல் வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்கால அலை. அதற்கு முன்பே ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல் கள்ளக்கடல் ஏறும். எங்கோ தென்பெருங்கடலில் எழுந்த அலை அது. வீட்டுச் சுவரையே இடிக்கும் கடல் மூங்கில் மிதவையை விட்டுவைக்குமா? உறுதியாக நம்பக்கூடியது டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதம். அமைதியான தண்ணீர் வேண்டுமென்றால் துறைமுகச் சுவர்களுக்கு உள்ளே போக வேண்டும்; அங்கே டீசலும் பெயின்டும். உண்ணும் பாசிக்கு அந்த இடம் ஆகாது.

காயல் குளங்களில் கஞ்சிப்பாசி இனத்தை வளர்ப்பது எனக்கு இதைவிட நடைமுறையாகத் தோன்றுகிறது. இந்தோனேசியாவில் பால்மீன், இறால் குளங்களிலேயே இந்த இனத்தை வளர்க்கிறார்கள். உப்புத்தன்மை ஏறி இறங்குவதைத் தாங்கும். பெருமழையில் குளம் முழுதும் நன்னீராகிவிட்டால் தாங்காது.

‘பெப்சி பாசி’ கொண்டுவரலாமா?

வேண்டாம் என்பேன். அதன் முறையான பெயர் கப்பாஃபைகஸ். 1984இல் ஆய்வுக்காக இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டு வகை. பின்னர் குளிர்பான நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் மக்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் கராஜீனன் அதிலிருந்துதான் வருகிறது. ராமநாதபுரத்தில் ஏராளமான பெண்களுக்கு அது வருமானம் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் குருசடைத் தீவுப் பவளப்பாறைகளின் மேல் அது படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் பாறைகளில் பவளம் குறைவு, சிப்பி நிறைய. சிப்பிப் பாறையில் அது படர்ந்தால் மூழ்கி எடுப்பவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

புயலுக்குப் பிறகு கரையில் குவிகிறதே, அதை எடுக்கலாமா?

உண்ண எடுக்காதீர்கள், எப்போது அறுந்தது, எங்கே மிதந்தது என்று தெரியாது. தென்னைக்குப் போடலாம். இரண்டு மழை நனைந்து உப்பு இறங்கும்வரை முற்றத்தில் குவித்து வையுங்கள். மூன்றாம் நாள் நாறும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.